தண்ணீர் தேனாகிவிடும் உலகில் ஒரு குட்டி பம்ப்: செயற்கை சிலியா என்றால் என்ன?

காலையில் எழுந்ததும் தொண்டையை ஒரு முறை செருமிக்கொள்கிறோம். அங்கே வந்து நிற்கும் சளி, நுரையீரலின் உள்ளிருந்து ஏறி வந்தது. நாம் நின்றாலும் நடந்தாலும் அது மேல்நோக்கித்தான் நகர்கிறது, அதாவது புவியீர்ப்புக்கு எதிராக. மூச்சுக்குழாயில் பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. அப்புறம் அதை மேலே தள்ளிக்கொண்டு வந்தது யார்?

விடை: சிலியா. பள்ளிப் புத்தகத்தில் 'குறு இழைகள்' என்று படித்திருப்பீர்கள். பாரமீசியம் படத்தைச் சுற்றிலும் முடிமுடியாக வரைந்து மார்க் வாங்கினோமே, அதேதான். நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் சிலியா உள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் சுமார் 200 சிலியா முளைத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நீளம் 6, 7 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே 80, 100 மைக்ரான் வரும் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவை விநாடிக்குப் பத்து, பதினைந்து முறை துடிக்கின்றன. நாம் ஒரு நாளில் இழுக்கும் சுமார் 10,000 லிட்டர் காற்றில் வரும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, அந்தச் சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. பெரும்பாலும் நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம்.

இந்த முடிகளை ரப்பரிலும் பிளாட்டினத்திலும் செய்து, ஒரு சின்ன சிப்புக்குள் திரவத்தை ஓட வைக்க சுமார் இருபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் முயன்றுவருகிறார்கள். அதுதான் செயற்கை சிலியா. "இதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்? சின்னதா ஒரு பம்ப் வெச்சா போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அளவில் தண்ணீர், தண்ணீர் மாதிரி நடந்துகொள்வதில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீந்தவே முடியாத நீச்சல் குளம்

படகில் துடுப்பு போடுவதை நிறுத்தினாலும் படகு கொஞ்ச தூரம் தானாகப் போகும். அதன் எடையும் வேகமும் அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. இதைத்தான் நிலைமம் என்கிறோம். தண்ணீரின் பிசுபிசுப்பு, அதாவது பாகுத்தன்மை, அதை மெல்ல மெல்ல நிறுத்துகிறது. ஒரு பொருள் திரவத்தில் நகரும்போது நிலைமத்தின் கை ஓங்குகிறதா, பிசுபிசுப்பின் கை ஓங்குகிறதா என்பதைச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் ரேனால்ட்ஸ் எண். 1883-ல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயத்தை ஓடவிட்டுப் பார்த்த ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸின் பெயர் அது.

குளத்தில் நீந்தும் மனிதருக்கு இந்த எண் பத்தாயிரம், அதற்கும் மேல். ஒரு பாக்டீரியாவுக்கோ பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே! பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் சறுக்கிக்கொண்டு போகும் தெரியுமா? ஓர் அணுவின் அகலம்கூட இல்லை. அங்கேயே நின்றுவிடும்.

1976-ல் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல். 1952-ல் நோபல் பரிசு வாங்கியவர், ஆனால் அது வேறு வேலைக்கு. பாக்டீரியாவின் கஷ்டம் மனிதருக்குப் புரிய வேண்டுமென்றால், பாகு நிரம்பிய குளத்தில் இறக்கிவிட்டு, கையையும் காலையும் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அசைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்றார். நம் ஊர் வெல்லப்பாகை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அதே உரையில்தான் சிப்பி உதாரணமும் வந்தது. கடலில் ஒரு வகைச் சிப்பி ஓட்டை மெதுவாகத் திறந்து, பட்டென்று மூடி, தண்ணீரைப் பீய்ச்சி முன்னேறும். அதை பாக்டீரியா அளவுக்குச் சுருக்கிவிட்டால்? மெதுவாகத் திறந்தாலும் வேகமாக மூடினாலும் ஒன்றுதான். திறக்கும்போது எவ்வளவு நகர்ந்ததோ, மூடும்போது அதே அளவு திரும்பி வந்துவிடும். நாள் முழுக்கத் திறந்து மூடினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நம்ப முடியலையா? பிரிட்டன் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் 1960களில் எடுத்த பாடப் படம் ஒன்று யூடியூப்பில் கிடைக்கிறது. இரண்டு உருளைகளுக்கு நடுவே பிசுபிசுப்பான திரவம், அதில் ஒரு சொட்டுச் சாயம். உள் உருளையைச் சில சுற்று சுற்றினால் சாயம் இழுபட்டுக் கரைந்துபோனது போலத் தெரியும். அதே எண்ணிக்கையில் திருப்பிச் சுற்றினால் பழைய சொட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். முதல் முறை பார்ப்பவர்கள் வீடியோவை ரிவர்ஸில் ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். இல்லை, நிஜம்.

ஆக, போன வழியிலேயே திரும்பி வரும் எந்த அசைவும் இந்த உலகில் திரவத்தை நகர்த்தாது. ஒரு குச்சியை நட்டு, கார் வைப்பர் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினால் பலன் பூஜ்யம். செயற்கை சிலியா செய்பவர்களைத் தூங்கவிடாத விதி இதுதான்.

சிலியா என்ன தந்திரம் செய்கிறது?

துடுப்பு போடுபவர் ஒரு முறை தண்ணீரைத் தள்ளிவிட்டு, துடுப்பைத் தூக்கிக் காற்றில் கொண்டுவந்து மறுபடி போடுவார். சிலியாவுக்கு அந்த வசதி கிடையாது. எப்போதும் திரவத்துக்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும்.

அதனால் அது போகும்போது ஒரு வடிவத்தில் போகிறது, வரும்போது வேறு வடிவத்தில் வருகிறது. தள்ளும்போது விறைப்பாக நிமிர்ந்து, முழு நீளத்தாலும் திரவத்தை வாரித் தள்ளும். திரும்பும்போது வளைந்து, சுவரை ஒட்டித் தவழ்ந்தபடி வரும். சுவரை ஒட்டி ஏன்? எந்தத் திரவமும் சுவரைத் தொடும் இடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அதன் பக்கத்தில் என்ன செய்தாலும் திரவம் அதிகம் நகராது. ஆக, தள்ளும்போது நிறைய, திரும்பும்போது கொஞ்சம். மிச்சப்படும் அந்த வித்தியாசம்தான் ஓட்டம்.

இன்னொரு விஷயம், எல்லா சிலியாவும் ஒரே நேரத்தில் துடிப்பதில்லை. கிரிக்கெட் ஸ்டேடியத்தில் மெக்சிகன் வேவ் போகுமே, அது மாதிரி பக்கத்து முடிக்குச் சற்றுப் பின்தங்கி அடுத்த முடி என அலை அலையாகத் துடிக்கின்றன. அங்கே விசில் ஊதி ஆரம்பித்துவைக்க யாரும் இல்லை. ஒரு முடி கிளப்பும் ஓட்டமே அடுத்ததை இழுத்து ஒத்திசைய வைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் வலுவான விளக்கம்.

உள்ளே இழுத்து வளைப்பது டைனீன் என்ற புரத மோட்டார். சிகரெட் புகை இந்தத் துடிப்பை மந்தமாக்கி, சிலியாவின் நீளத்தையும் குறைத்துவிடும். சளி தானாக ஏறி வராது. இருமித்தான் வெளியேற்ற வேண்டும். புகைப்பவர்களின் அந்தக் காலை நேர இருமல் இதனால்தான்.

இதயம் இடது பக்கம் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு

கதையில் ரொம்ப ஆச்சரியமான பகுதி இதுதான். 1933-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் மானெஸ் கார்டகனர் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு ஓயாத சைனஸ் தொல்லை, நுரையீரல் தொற்று. கூடவே ஒரு விநோதம்: இதயம் வலது பக்கம், கல்லீரல் இடது பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல உள்ளுறுப்புகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. சளித் தொல்லைக்கும் இதயம் எந்தப் பக்கம் என்பதற்கும் என்ன சம்பந்தம்? பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை.

1976-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் அஃப்செலியஸ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இவர்களுடைய சிலியாவில் கோளாறு இருப்பதைக் காட்டினார். சளி ஏறாததற்கு அது போதும். உறுப்புகள் இடம் மாறியதற்கு?

பதில் 1998-ல் டோக்கியோவில் ஹிரோகாவா குழுவிடமிருந்து வந்தது. எலிக் கருவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதில் உள்ள சிலியா முன்னும் பின்னும் துடிப்பதில்லை, பம்பரம் போலச் சுற்றுகின்றன, நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று. அந்தச் சுழற்சி, குழியில் உள்ள திரவத்தை இடது பக்கமாக ஓட வைக்கிறது. 'இதுதான் இடது' என்று கருவுக்குத் தெரிவது அந்த ஓட்டத்தால்தான். சிலியா அசையாவிட்டால் கரு நாணயம் சுண்டிப் பார்த்த கதையாகிவிடும். இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உறுப்புகள் இடம் மாறியிருப்பது அதனால்தான்.

2002-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எலிக் கருவின் மேல் வெளியிலிருந்து எதிர்த் திசையில் திரவத்தைச் செயற்கையாக ஓடவிட்டார்கள். இடது வலது மாறிப்போனது! மரபணுவில் கை வைக்கவில்லை. ஓட்டத்தின் திசையை மட்டும் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

சரி, வெறுமனே சுற்றினால் எப்படி ஒரே திசையில் ஓட்டம் வரும்? அந்த சிலியா நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சுற்றும்போது பாதிச் சுற்றில் சுவரை விட்டு விலகி உயரத்தில் போகின்றன, மீதிப் பாதியில் சுவரை ஒட்டிப் போகின்றன. மறுபடி அதே கணக்கு: உயரத்தில் நிறைய, சுவரோரம் கொஞ்சம். இந்தச் சாய்ந்த சுழற்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை சிலியா செய்பவர்கள் பின்னாளில் காப்பியடித்தது இதைத்தான்.

நகம் அளவு சிப், டிபன் பாக்ஸ் அளவு பம்ப்

ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, ஒரு பெரிய லேபில் நடக்கும் சோதனையைக் கைக்கு அடக்கமான சிப்பில் செய்துவிடலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாக இருக்கிறது. தலைமுடி அளவு கால்வாய்கள், அதில் ஓடும் ரத்தமும் ரசாயனமும். சிப் என்னவோ நகம் அளவுதான். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் அதன் பக்கத்தில் ஒரு பம்ப் பெட்டி, பிளாஸ்டிக் குழாய்கள், மின் இணைப்பு எல்லாம் உட்கார்ந்திருக்கும். சிப்பைவிடப் பம்ப் பல மடங்கு பெரிசு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆம்புலன்ஸுக்கோ அதை எப்படிக் கொண்டுபோவது?

கால்வாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு திரவத்தைத் தள்ள 16 மடங்கு அழுத்தம் தேவை. ஒரு முனையிலிருந்து தள்ளுவதில் உள்ள சிக்கல் இது. சிலியா ஒரு முனையிலிருந்து தள்ளுவதில்லை. வழி நெடுக நின்று ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன.

கலக்குவது அதைவிடப் பெரிய தலைவலி. டீயில் சர்க்கரை போட்டால் நாலு ஆத்து ஆத்தினால் போதும், சுழலே கலக்கிவிடும். நுண்ணிய கால்வாயில் சுழலே உருவாகாது. இரண்டு திரவங்களை அருகருகே விட்டால், ரயில் தண்டவாளம் மாதிரி ஒட்டி ஒட்டிக் கலக்காமலே ஓடும். மூலக்கூறுகள் தானாகப் பரவிக் கலக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சாய மூலக்கூறு போன்ற சிறியது 0.1 மில்லிமீட்டரைக் கடக்கப் பத்து விநாடி போல ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரம். சோதனைக்குத் தேவையான ஆன்டிபாடி போன்ற பெரிய புரதம் என்றால் மணிக்கணக்கு. அவசர சிகிச்சைக்கு வந்தவருக்கு அவ்வளவு நேரம் இருக்குமா?

முடியை எப்படி 'வளர்க்கிறார்கள்'?

பெரும்பாலான குழுக்கள் பிடித்துக்கொண்டது காந்தத்தை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு 2007-ல் வெளியிட்ட முறை எளிமையானது. நுண்துளைகள் போட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இரும்பு ஆக்சைடு துகள் கலந்த சிலிக்கோன் ரப்பரை அந்தத் துளைகளில் இறக்கி, இறுகியதும் தாளைக் கரைத்துவிட்டார்கள். இடியாப்ப அச்சில் மாவை அப்படியே காயவிட்டு, அச்சை மட்டும் கரைத்துவிட்டால் எப்படி இருக்கும்? வரிசையாக ரப்பர் முடிகள் நிற்கும். ஒரு காந்தத்தைச் சுழற்றினால் எல்லா முடிகளும் சேர்ந்து சுழலும். அந்த முடிகளின் அளவும் நிஜ சிலியாவை நெருங்கியிருந்தது. அதுதான் பெரிய சாதனை.

அதே பல்கலைக்கழகத்தில் 2010-ல் இன்னொன்றும் தெரியவந்தது. சாய்ந்து சுழலும் இந்த முடிகளின் நுனிக்கு மேலே உள்ள திரவம் ஒரே திசையில் ஓடுகிறது. நுனிக்குக் கீழே, முடிகளுக்கு நடுவே உள்ள திரவமோ நன்றாகக் கலங்குகிறது. ஒரே கருவி, மேலே பம்ப், கீழே மிக்ஸி!

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரம் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் பெயர். 2008-ல் யாப் டென் டூண்டர் குழு 100 மைக்ரான் நீளப் பட்டைகளை மின்புலத்தால் சுருண்டு விரிய வைத்து திரவங்களைக் கலக்கிக் காட்டியது. 2009-ல் அங்குள்ள இன்னொரு குழு, ஒளி பட்டால் வளையும் பொருளை இங்க்ஜெட் பிரின்டரில் அச்சடித்து சிலியா செய்தது. ஒரே பட்டையில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிற ஒளிக்கு மட்டும் அசையும். எந்த ஒளியை எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்து, போன வழி வேறு, வந்த வழி வேறு. பர்செல் சொன்ன தடையைத் தாண்டியாகிவிட்டது.

2011-ல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. செல்களிலிருந்து எடுத்த நுண்குழல்களையும் கைனசின் என்ற மோட்டார் புரதத்தையும் ஒன்றாகப் போட்டார்கள். அவை தானாகக் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, காந்தமும் மின்சாரமும் இல்லாமல் சிலியா போலத் துடித்தன. பார்க்க உயிருள்ளவை போலவே இருந்தன. ஏடிபி என்ற எரிபொருள் தீர்ந்தால் நின்றுவிடும், அதுதான் குறை.

ஒரு வோல்ட்டில் ஓடும் பிளாட்டினம் முடி

காந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. காந்தம் எல்லா முடிகளையும் ஒன்றாகத்தான் ஆட்டும். இந்த மூலையில் இடப்பக்கம், அந்த மூலையில் வலப்பக்கம் என்று ஆட்டுவது கஷ்டம். போதாததற்கு, சிப்பின் வெளியே காந்தக் கருவி வேண்டும். பம்ப் பெட்டியைத் தூக்கிவிட்டு காந்தப் பெட்டியை வைத்த கதை.

மின்சாரத்தில் ஆட்டலாம் என்றால் அதிக வோல்ட் தேவைப்பட்டது. ரத்தம் மாதிரி உப்புள்ள திரவத்தில் அவ்வளவு வோல்ட் கொடுத்தால் தண்ணீர் சிதைந்து குமிழி கிளம்பிவிடும்.

2022-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வெய் வாங், இத்தாய் கோஹன் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டுக்கும் சேர்த்து விடை சொன்னது. 50 மைக்ரான் நீளம், 5 மைக்ரான் அகலம், வெறும் 10 நானோமீட்டர் தடிமனில் பிளாட்டினம் பட்டை. ஒரு பக்கம் டைட்டானியம் பூச்சு. சுமார் ஒரு வோல்ட் கொடுத்தால் திரவத்தில் உள்ள அயனிகள் பிளாட்டினத்தின் வெறும் பக்கத்தில் போய் ஒட்டும், அந்தப் பக்கம் மட்டும் விரியும், பட்டை வளையும். வோல்ட்டை மாற்றினால் நிமிரும். ஒரு பேனா பேட்டரியே ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்படி சுமார் ஆயிரம் முடிகளை ஒரு கம்பளமாக அமைத்து, 16 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாக இயக்கினார்கள். திரவத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், சுழற்றலாம், போக்கை நினைத்த நேரத்தில் மாற்றலாம். வயரே இல்லாமல், ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து இயங்கும் சிப்பையும் செய்து காட்டினார்கள். ஓட்டத்தின் வேகம் விநாடிக்குச் சில பத்து மைக்ரான்தான். கேட்க ரொம்பக் குறைவு. ஆனால் கால்வாயே சில பத்து மைக்ரான் அகலம்தான் என்கிறபோது அது மோசமில்லை.

அப்படியென்றால் ஏன் இன்னும் கடையில் கிடைக்கவில்லை?

முதல் காரணம் அளவு. சோதனைகளில் நன்றாக வேலை செய்யும் காந்த முடிகளில் பல, நிஜ சிலியாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நீளமானவை. சின்னதாகச் செய்தால் காந்த விசையும் குறைந்துவிடும். இரண்டாவது, ஒட்டிக்கொள்வது. எண்ணெய் தேய்த்த தலைமுடி கற்றையாக ஒட்டுமே, அதேபோல ஈரம் காயும்போது இந்த முடிகள் ஒன்றோடு ஒன்றும் தரையோடும் ஒட்டிவிடும். பிறகு பிரிக்க முடியாது. ரத்தம், சளி போன்றவற்றில் உள்ள புரதம் படிவது தனிப் பிரச்சினை. நம் உடலில் பழுதான சிலியா மறுபடி முளைக்கும், ரப்பர் முளைக்காது.

இதற்கிடையில் எதிர்பாராத பயன்களும் வந்திருக்கின்றன. முடிகள் ஆடிக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் துகளோ பாசியோ தங்காது என்பதை ஐந்தோவன் குழு காட்டியிருக்கிறது. அதாவது தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் பரப்பு. என் பார்வையில், ரத்தப் பரிசோதனை சிப்பைவிட இதுதான் முதலில் கடைக்கு வரும்.

உடலுக்குள் வைக்கும் முயற்சியும் நடக்கிறது. கட்டியால் மூச்சுக்குழாய் அடைபட்டவர்களுக்கு உள்ளே ஸ்டென்ட் என்ற குழாயை வைத்து வழியைத் திறந்து வைப்பார்கள். மூச்சு வரும். ஆனால் ஸ்டென்ட் மூடிய இடத்தில் உள்ள நிஜ சிலியா வேலை செய்ய முடியாது. சளி அங்கேயே தேங்கி மறுபடி அடைத்துக்கொள்ளும். ஸ்டென்ட்டின் உள்சுவரில் காந்த முடிகளைப் பதித்து, வெளியிலிருந்து காந்தப்புலத்தால் ஆட்டிச் சளியை நகர்த்த முடியுமா, அந்தச் சளி எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதை அதே முடிகளை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஷியாவோகுவாங் டோங் குழு ஆராய்ந்துவருகிறது. இது இன்னும் ஆய்வகக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதுவரை, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெபுலைசர் சிகிச்சையும், தேவைப்பட்டால் டியூப் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பதும்தான் வழி.